சி டிவிஷன்

டக்டக், டக்டக். மலையாளச் சீமையில், தம்பானூரில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களுக்கு எங்கள் கடை கண்ணில் படும் முன்பே கொத்துப் பரோட்டாச் சத்தம் காதில் விழுந்துவிடும். ராத்திரி வேலைக்காரர்களே, உங்களுக்குத் தெரியும்: நாம் வீடு சேரும்போது பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படும்; அவை திரும்பும்போது நாம் கடைக்குப் புறப்படுவோம்.

கூட்டம்

தொண்ணூறுகளின் கடைசி. எங்கள் காலனி முழுக்கக் கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வந்த தமிழ்க் குடும்பங்கள். பிள்ளைகளைச் சர்க்கார் பள்ளியில் சேர்த்தபோது நாங்களே திரண்டு போய், எல்லாரையும் ஒரே வகுப்பில் போடச் சொல்லிக் கெஞ்சினோம். தமிழரை மட்டமாகச் சொல்லும் 'பாண்டி' என்ற பேரால் யாரும் கேலி செய்ய மாட்டார்களே! அப்படியே சி டிவிஷன் எங்களுடையதாயிற்று. பாடமெல்லாம் மலையாளம். நாலாம் வகுப்புக்கு வந்தும் என் மகள் செல்விக்கு ஒரு வரி வாசிக்க வரவில்லை. இப்படியே போனால் படிப்பை விட்டுவிட்டு வீட்டு வேலைக்குத்தான் போவாள். சப்ளையர் ராசையாவிடம் புலம்பினேன்.

"அண்ணாச்சி, அந்த வகுப்புல டீச்சரத் தவிர மலையாளம் பேச ஆளே கெடையாது. இப்ப டீச்சரும் தமிழ்ல ஏசுதாவ."

ஆட்டோக்காரர்

பரோட்டா சாப்பிட வரும் ஆட்டோக்காரர் சுகுமாரனின் மகளும் அதே பள்ளி, நாலாம் வகுப்பு, ஏ டிவிஷன். செல்வியைத் தெரியுமா என்று கேட்டேன். சால்னாவை ஊற்றிக்கொண்டே யோசித்தார்.

"அண்ணா, என் மோள் உங்க குட்டிகள உச்சைக்கு, மத்தியானக் கஞ்சிக்கு வரிசையா நிக்கும்போதுதான் கண்டிருக்கா. அதுவும் வேற வரி."

மாற்றம்

தூங்காமல், மாவு வாசனையோடே போய்த் தலைமை ஆசிரியையிடம் நின்றேன். "பிரிக்க வேண்டானு பறஞ்ஞதும் நீங்க, பிரிக்கணும்னு பறயறதும் நீங்களா?" என்று சலித்துக்கொண்டாலும் செல்வியை ஏ டிவிஷனுக்கு மாற்றினார். "மலையாளத்தாளா ஆக்கப் போறீயளோ?" என்றாள் பக்கத்து வீட்டு முத்தம்மாள். அவள் மகள் மாரியும் செல்வியும் ஒட்டிக்கொண்டே திரிந்தவர்கள்.

கொஞ்ச நாள் செல்வி அழுதாள். தலையெண்ணெயைக் கேலி செய்தார்களாம். பிறகு சுகுமாரன் மகள் அருகே இடம் கிடைத்தது. இவள் கணக்குப் போட்டுக் காட்ட, அவள் பாடம் வாசித்துக் காட்டினாள். ஒரு நாள் காலையில் நான் கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்தவள், பரோட்டாவை விட்டுவிட்டு எண்ணெய்க் காகிதத்தின் மலையாளச் செய்தியை விரல் வைத்துக் கடைசி வரை வாசித்தாள். ஆறிப்போன பரோட்டாவை நான்தான் தின்றேன்.

மறுநாள் சாயங்காலம், மாவு பிசையும் நேரத்தில், அதைக் கேள்விப்பட்ட முத்தம்மாள் கடையின் பின்வாசலில் வந்து நின்றாள்.

"எங்க மாரியையும் மாத்தச் சொல்லுங்க அண்ணாச்சி. நாலு நாள் அழுதாலும் அழட்டும், அவளும் வாசிக்கட்டும்."

ஊராரிடமிருந்து காப்பாற்ற ஒன்றாகக் கட்டி வைத்த பிள்ளைகளை இனி ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டும் என்று நினைத்தபடி, மாவில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசைந்தேன்.