துரை பங்களா அலமாரி

சென்ற மாதம் அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம். குமுளி போகும் சாலையில் ஒரு விடுதியில் வைத்திருந்தார். உள்ளே நுழைந்ததுமே எங்கள் வீட்டு அலமாரியைப் பார்த்தேன். ஆளுயரத்துக்கும் மேலே, கண்ணாடிக் கதவுகளோடு, இங்கிலாந்தில் செய்தது. விற்றுவிட்டதாக அண்ணன் சொல்லியிருந்தார். யாருக்கு என்று சொல்லவில்லை.

பக்கத்தில் ஓர் அட்டை. புலியிடமிருந்து தன்னைக் காப்பாற்றிய எங்கள் பாட்டனாருக்கு வெள்ளைக்காரத் துரை ஒருவர் பரிசாகக் கொடுத்த அலமாரியாம். பாட்டனார் உத்தமபாளையத்தில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். மலை ஏறியதே இல்லை. மேகமலை எஸ்டேட் பங்களாவில் இருந்த அலமாரியைத் துரை ஊர் திரும்பும்போது தூக்க முடியாமல் விட்டுப்போனார். அங்கே கணக்கு எழுதிய ரைட்டர் அதில் பிள்ளைகளின் துணிகளை அடுக்கி வைத்தார். ஓய்வு பெற்று மலையிறங்கியபோது அதை எங்களைப் பெற்ற அத்தாவுக்கு விற்றார். அத்தா கம்பத்தில் ஏலக்காய் வியாபாரி. அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருந்தார். படித்து முடித்த புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில் தன் அபிப்பிராயத்தைப் பென்சிலால் எழுதுவார். ஒன்றில் ‘சுத்தப் புளுகு’ என்று மட்டும் இருக்கும்.

அந்தப் புத்தகங்கள் உள்ளே நின்றன. கதவைத் திறந்து ஒன்றை இழுத்தேன். வரிசை முழுவதும் கையோடு வந்தது. வெறும் முதுகுகள். விரற்கடை அகலத்துக்கு அறுத்துப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். பின்னால் எச்சில் தட்டுகள், கடித்துப்போட்ட எலும்புகள், நசுங்கிய டீ கப்புகள். வாடை முகத்தில் அடித்தது.

“அண்ணே, இது யாரு வேல?”

“சத்தம் போடாத தங்கச்சி. சம்பந்தக்காரக வந்துட்டாக.”

“புத்தகத்த அறுத்தது யாரு?”

“உள்ள சாமான் வைக்க எடம் வேணும்னு ஓனர் சொன்னாக. நம்ம வீட்டுலதான் ஆசாரி மெஷினப் போட்டாரு.”

“நீங்க பாத்துக்கிட்டா இருந்தீக?”

“பின்ன? எதுக்குப் பக்கத்துல எத ஒட்டணும்னு சொல்ல ஆள் வேணும்ல?”

“மிச்சம்?”

“வெந்நி அடுப்புக்குப் போச்சு” என்றார், கொட்டாங்கச்சியைச் சொல்வதுபோல.

விடுதியின் மலையாளி மேலாளர் ஓடிவந்து, “சேச்சி, அது ஹோட்டல் சாதனம். எடுக்கண்டா” என்று பலகையை என் கையிலிருந்து வாங்கிப் பழையபடி பொருத்தினார். என் விரல்களில் குழம்பு ஒட்டியிருந்தது.

அதற்குள் மாப்பிள்ளையின் தகப்பனார் வந்து அட்டையைப் படித்தார். அண்ணன் புலியின் நீளத்தைக் கைகளால் காட்டினார். சம்பந்தி என் பக்கம் திரும்பினார்.

“நெசமாவா? ஒங்க பாட்டனாரா?”

அலங்கரித்துக்கொண்டு அண்ணன் மகள் அங்கே நின்றாள். என்னையே பார்த்தாள்.

“ஆமா” என்றேன்.

சொன்ன வாயைக் கழுவப் போனேன். இரண்டு தடவை கொப்பளித்தும் நாக்கில் கசப்புப் போகவில்லை. பிரியாணியைத் தொடவில்லை. வயிறு சரியில்லை என்று பஸ் ஏறிவிட்டேன்.

கல்யாண விருந்தும் அதே விடுதியில்தான் என்று நேற்று அண்ணன் போன் செய்தார். பள்ளிவாசலில் நிக்காஹ்வுக்கு வருகிறேன், விருந்துக்கு வரமாட்டேன் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவே இல்லை.