வெயிலில் வைத்த சூரை

வெயிலில் கிடந்த சூரைமீன் துண்டு நாறாது. வாயில் போட்டால் மிளகைக் கடித்ததுபோல் நாக்கில் சுருக்கென்று குத்தும், அவ்வளவுதான். தெரிந்தே அதைத் தின்று ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்தவன் நான். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது.

அறுபதுகளின் கடைசியில், புருஷன் விடியுமுன் பிடித்து வந்த மீனைத் தொண்டியிலிருந்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு, கோட்டையூரில் எங்கள் தெருவுக்கு வருவாள் முத்துராக்கு. கூடையில் மூன்று வகைச் சூரை இருக்கும்: வயிற்றில் கோடு போட்ட "வரிச்சூரை" புட்டுக்கு, சதைப்பிடிப்பான "கேரை" வறுவலுக்கு, ரத்தம் மிகுந்த சின்ன "எலிச்சூரை" புளிக்குழம்புக்கு. மலிவான எலிச்சூரைதான் எங்கள் வீட்டுக்கு. "வாங்குன கையோட சட்டியில ஏத்திருங்க ஆத்தா, வெயில் பட்டா உடம்பு தடிச்சுப் போகும்" என்று வீட்டுக்கு வீடு சொல்வாள்.

ஒருநாள் அம்மா செவுளைத் தூக்கிப் பார்த்து முகம் சுளித்ததும், தெருவே கேட்க முத்துராக்கு சொன்னாள்: "எலிச்சூரைக்கே இம்புட்டு நொட்டை சொல்றீகளே, வெலகூடுன சீலா வாங்குற வீடா இருந்தா என்னையவே கூடைக்குள்ள உக்கார வச்சிருவீக போல!" எதிர்வீட்டு ஆச்சி விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா உள்ளே போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்த முகத்தை நினைத்து நினைத்தே பத்து நாள் வன்மம் வளர்த்தேன்.

அடுத்த முறை, நறுக்கிய மீனில் இரண்டு துண்டைத் திருடி, மொட்டைமாடியில் உச்சிவெயிலில் வெகுநேரம் வைத்திருந்து, தணலில் சுட்டுத் தின்றேன். அரைமணியில் முகம் எரிந்தது; முதுகெல்லாம் தடித்தது. சட்டையைக் கழற்றிக்கொண்டு, "மீன்காரி அழுகல் மீனை வித்துட்டா!" என்று வீடுவீடாகக் காட்டினேன். அவ்வளவு இனித்த எரிச்சலை அதற்குப் பின் நான் கண்டதில்லை. அன்றைய குழம்பைத் தெருவே கொட்டியது.

மறுமுறை வந்தவளுக்கு ஒரு கதவும் திறக்கவில்லை. "எம் மீனு அப்பிடிச் செய்யாது ஆத்தா, எம் புள்ளைக்கும் அதத்தான் ஆக்கிப்போட்டேன்" என்று அவள் எங்கள் வாசலில் நின்று கெஞ்சியதை ஜன்னல் வழியே பார்த்துச் சிரித்தேன். பிறகு அவள் வரவேயில்லை.

எழுபதுகளில், வேலைக்குப் போன பிறகு, தொண்டியில் அவளைத் தேடிப் போனேன். கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவள், நான் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டபோதும் நிமிரவில்லை. "எங்கிட்டக் குசுகுசுன்னு சொன்னா ஆச்சா? சட்டையக் கழட்டிக் காட்டுன தெருவுல போய்ச் சொல்லு."

சொன்னேன். எதிர்வீட்டு ஆச்சி என் கன்னத்தைத் தடவி, "நீ தங்கமான புள்ள, அவளுக்காகப் பொய் சொல்றே. ஒம் முதுகை இந்தக் கண்ணால பாத்தவ நான்" என்றார்.

இன்று அந்தத் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. மீன்கூடை எதுவும் வருவதில்லை. போன மாதம் காரைக்குடி மீன்கடையில் ஆச்சியின் பேத்தி, சூரையை எடுத்துக் காட்டிய கடைக்காரரிடம், "அத எங்க வீட்டுல சேக்கிறதில்ல. அப்பத்தா காலத்துல ஒரு பையனுக்கு ஒடம்பெல்லாம் தடிச்சுப்போச்சாம்" என்றாள்.

"அந்தப் பையன் நான்தான்" என்று தொடங்கினேன்.

"பாத்தீகளா, சாட்சியே இங்க நிக்கிறாக" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, சீலா வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.