கல்லைக் கெடுத்தவர் முனியம்மாள் அல்ல

திங்கட்கிழமை காலை இட்டிலிப் பானையை இறக்கிக்கொண்டிருந்தபோது தண்டையார்பேட்டையிலிருந்து ஆள் வந்தது. முனியம்மாள் அக்கா விடியற்காலையில் காலமாகிவிட்டார்கள். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ராயபுரத்தில் துறைமுகத்துத் துரைமார் தங்கியிருந்த மெஸ்ஸின் சமையலறையில் நாங்கள் பல வருஷம் சேர்ந்து உழைத்தோம். நான் சமையல். அவர்கள் பொறுப்பில் இருந்தது ஒரு கல். சீமையிலிருந்து கப்பலில் வந்த வெள்ளைச் சலவைக்கல் மேடை. துரைமாரின் பலகாரத்துக்கு மாவு தேய்ப்பது அதன்மேல்தான்.

ஒரு கல்லைப் பார்த்துக்கொள்வதும் ஒரு வேலையா என்று நானும் முதலில் சிரித்தவன்தான். சாம்பலையும் மணலையும் அக்கா அதன் அருகில் சேர்க்கமாட்டார்கள். பழம்புடவைத் துணியை வெறுந்தண்ணீரில் நனைத்துத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுவார்கள். நெய்க்கறை பட்டால் சீமைச்சுண்ணாம்புப் பொடியைக் குழைத்து அப்பி, அது காய்ந்து கறையை இழுக்கும்வரை ஒருவரையும் தொடவிடமாட்டார்கள். ஒருநாள் கொதிக்கும் சட்டியை அதன்மேல் வைக்கப்போனேன். "நைனா, உன் மடில வெச்சுக்கோ, கல்லு மேல வெக்காதே" என்றார்கள். அந்த வாய்க்கு, எங்களையெல்லாம் மேய்த்த பட்லரே பயப்படுவார்.

ஓர் ஆடி வெள்ளியன்று அக்கா மதியமே ஒற்றியூர்க் கோயிலுக்குப் போய்விட்டார்கள். நான் பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். அவை தகதகவென்று மின்னியதும் எனக்கு அதிகப்பிரசங்கித்தனம் வந்தது. மீதிப் புளியைக் கல்லில் தேய்த்து ஊறவைத்தேன். கழுவிப் பார்த்தால் மினுக்கெல்லாம் போய், மோர் கொட்டிக் காய்ந்ததுபோல் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது.

மறுநாள் பட்லர் எங்களை வரிசையாக நிற்கவைத்தார். "இத்த யாரு பண்ணது? பண்ணவனுக்கு இன்னியோட வேலை இல்லே" என்றார். என் மனைவிக்கு அப்போது நிறைமாதம். நான் வரிசையில் ஓரடி பின்னால் நகர்ந்து நின்றேன்.

அக்கா கல்லைத் தடவிப் பார்த்தார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்தார்கள். "கோயிலுக்குப் போற அவசரத்துல நான்தான் புளி தேச்சுட்டேங்க" என்றார்கள். பட்லருக்கே நம்பமுடியவில்லை, ஆனாலும் அவர் சொன்ன சொல்லை மாற்றவில்லை. அக்கா ஒன்றே ஒன்று கேட்டார்கள்: "கல்லை இப்பிடி வுட்டுட்டுப் போவ மாட்டேன். சாயந்தரம் வரிக்கும் டைம் குடுங்க."

வேலை போன பிறகு ஒரு பகல் முழுக்க அந்தக் கல்லுக்கு உழைத்தார்கள். வழவழப்பான சாணைக்கல்லால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பிறகு சுண்ணாம்புப் பொடியால் தேய்த்துக்கொண்டே இருந்தார்கள். நான் பக்கத்தில் போய், "யக்கா, நான் சொல்லிடறேன்" என்றேன்.

"சொல்லிட்டு? உன் பொஞ்சாதி இன்னாத்த துன்னும்? நான் நாலு வூட்ல பாத்திரம் தேச்சு பொயச்சுக்குவேன். கம்னு தண்ணி ஊத்து."

ஊற்றினேன். விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கல்லில் மினுக்கு திரும்பியது. அக்காவுக்கோ "புளி முனியம்மா" என்ற பெயர் நிலைத்துவிட்டது. அப்புறம் யாரும் அவர்களை நம்பி ஒரு நல்ல கல்லை ஒப்படைக்கவில்லை. கை நிறைய வித்தை இருந்தும் சாகும்வரை எச்சில் பாத்திரம் தேய்த்தார்கள். நான் அதே மெஸ்ஸில் தலைமைச் சமையல்காரன் ஆனேன். அடுத்த மாதம் சொல்லலாம், அடுத்த வருஷம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். வெட்கம்தான் காரணம், வேறொன்றுமில்லை.

பாடையைத் தூக்குமுன் தெருவில் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி, கல்லைக் கெடுத்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அக்காவின் மகள் மட்டும் என் அருகில் வந்தார்.

"நானும் அம்மாவ அந்தப் பேரச் சொல்லிக் கேலி பண்ணிக்கினு இருந்தேங்க. ஒரு வாட்டிகூட அவங்க இல்லேன்னு சொல்லலை. சிரிச்சுக்கினே பூடுவாங்க" என்றார்.

அக்கா, உங்கள் தெரு முழுக்க இப்போது உண்மை தெரியும். கேட்கவேண்டிய நீங்கள்தான் கண்மூடிக் கிடந்தீர்கள். போய் வாருங்கள்.