சத்தியவேடு பஸ்ஸும் ஒரு மொட்டைத் தலையும்

ஞாயிறு காலை பத்தேகால். திருப்பதி பேருந்து நிலையத்தில் சத்தியவேடு பஸ் புறப்படத் தயாராக நின்றது. சென்னைக்கு நேர்வழி நகரி, திருத்தணி. நாகலாபுரம் பக்கம் போனதில்லை என்பதால் சுற்றுவழியில் ஏறினேன். பஸ்ஸில் பாதித் தலைகள் மொட்டை. சந்தனம் இன்னும் காயவில்லை.

ஆந்திராவில் பெண்களுக்கு இந்த பஸ்ஸில் கட்டணம் கிடையாது. ஆதாரைக் காட்டினால் போதும், பூஜ்யம் போட்ட டிக்கெட் வரும். முன்சீட்டில் கணவனோடு இருந்த இளம்பெண் கார்டை நீட்டினாள். படத்தில் தோளில் தொங்கும் ஜடை, எதிரே மொட்டை.

“ஜடை எக்கடம்மா?” என்றார் கண்டக்டர்.

“கொண்ட மீத இச்சேசானு, அண்ணா.”

மலையில் கொடுத்தாயிற்று. கண்டக்டர் சிரித்தபடி டிக்கெட்டைக் கிழித்தார்.

சிக்கல் ரேணிகுண்டா தாண்டித் தொடங்கியது. முகத்தைக் காட்டினால் திறக்கும் அவளுடைய செல்போன் திறக்கவில்லை. சந்தனத்தைத் துடைத்துவிட்டுக் காட்டினாள். ம்ஹூம்.

“உனக்கே உன்னத் தெரியல, போனுக்கு எப்டித் தெரியும்?” என்றான் கணவன் முனிரத்தினம்.

அவள் சிரிக்கவில்லை. பெயர் கலைவாணி. சத்தியவேடு பக்கத்து ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் செல்போன் பாகங்களைப் பூட்டும் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. பர்மனென்ட் ஆனால் முடி தருவதாக வேண்டியிருந்தாள், ஆர்டர் வந்துவிட்டது. பர்மனென்ட்டாக முதல் நாள் நாளைக்கு. அங்கே வாசலில் முகம் பார்க்கும் மெஷின்தான் ஆளை உள்ளே விடுகிறது.

“மொத நாளே ஆப்சென்ட் போட்டுடுவாங்கய்யா. மூணு வருசமா காத்துக்கினு இருந்தது இதுக்கா?”

பஸ் ஆலோசனையில் இறங்கியது.

“ரேஷன் கடையில என் கட்ட வெரலே என்னுது இல்லன்னு சொல்லுது. கண்ணக் காட்டித்தான் அரிசி வாங்கிக்கினு கீறேன்,” என்றார் எதிர்சீட்டு அம்மாள். “பேசாம டோப்பா வெச்சிக்கினு போ.”

“இவ குடுத்த முடியே டோப்பாவா வரும்மா, கொஞ்ச நாள் போனா,” என்றான் முனிரத்தினம். கலைவாணி அவன் தொடையில் கிள்ளினாள்.

புத்தூர், முப்பத்தைந்தாவது கிலோமீட்டர். பதினைந்து ரூபாய் டீ, சூடு மட்டும் உண்டு. நான் திரும்பி ஏறியபோது கலைவாணி ரகசிய எண்ணைப் போட்டு போனைத் திறந்து, லைன் லீடரை ஸ்பீக்கரில் அழைத்திருந்தாள்.

“அக்கா, மொட்ட அட்ச்சிக்கினேன். மெஷின் வுடுமா?”

மறுமுனையில் சிரிப்பு. “நீ ஒருத்திதான் வேண்டிக்கினியா? ரெண்டாவது கேட்டாண்ட மொட்ட லைன்னே தனியா கீது. செக்யூரிட்டி அண்ணன் பேரக் கேட்டு, கார்டு பாத்து வுட்ருவாரு. ஆனா திங்கக்கெழம அந்த லைன் ரொம்ப நீளம்டீ. அர மணி நேரம் முன்னாடியே வந்துடு.”

கண்டக்டர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள், முதல்முறையாகக் கலைவாணியும்.

“நீ ஏம்பா அடிக்கல?” என்று அம்மாள் முனிரத்தினத்தைப் பிடித்துக்கொண்டார்.

“நானும் அங்கதாம்மா, பேக்கிங்ல. இன்னும் காண்ட்ராக்டு.”

“இன்னிக்கே வேண்டிக்கோ,” என்றாள் கலைவாணி. “நானும் கூட நிக்கறேன் அந்த லைன்ல.”

நாகலாபுரத்தில் இருவரும் இறங்கினார்கள். தலையில் துண்டு போடாமலே அவள் கடைவீதியில் நடந்தாள்.

சென்னையில் நான் வேலை பார்க்கும் கட்டடத்திலும் அப்படி ஒரு மெஷின் உண்டு. மூக்குக்கண்ணாடியை மாற்றிய வாரம் அதற்கு என்னைத் தெரியவில்லை. பெயரைக் கேட்க ஆள் இல்லாததால், சுவரில் ஒட்டியிருந்த முகவரிக்கு மின்னஞ்சல் எழுதினேன். பழைய முகத்தோடு வருமாறு பதில் வந்தது.