கிராம் சார்

"பின்சக்கரம் ஒரு சாண் வெளியே நிக்குது. ஏத்துங்க உள்ளே!" என்று ஜன்னல் வழியே கழுத்தை நீட்டிச் சத்தம் போடுகிறார் அவர். லாரிக்காரர் ஒன்றுமே தெரியாதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வண்டியை நகர்த்துகிறார். "டிரைவர் இறங்குங்க. பக்கத்துல இருக்கிறவரும் இறங்குங்க. அந்தத் தண்ணித் தொட்டியைத் திறந்து காட்டுங்க." இத்தனையும் முடிந்தால்தான் எடைச்சீட்டு அச்சாகி வெளியே வரும்.

ஊர் எல்லையில் லாரிகளை நிறுத்தி எடை போடும் மேடை அது. பன்னிரண்டு வருஷமாக அவருக்கு அங்கே வேலை. அவர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் பத்துக் கிலோ கடத்திய ஆள் இல்லை என்பதால் லாரிக்காரர்கள் வைத்த பெயர் கிராம் சார். "இன்னிக்கு கிராம் சார் டியூட்டியா? செத்தோம்டா" என்று வரிசையில் நிற்கும்போதே தலையில் கை வைத்துக்கொள்வார்கள். சரக்கோடு வரும்போது தொட்டி நிறையத் தண்ணீர், காலியாகத் திரும்பும்போது தொட்டி வற்றியிருக்கும், தண்ணீரின் எடையும் சரக்குக் கணக்கில் சேர்ந்துவிடும். இந்த மாதிரித் தில்லுமுல்லு எல்லாம் அவருக்கு அத்துப்படி.

தகரக் கூரை போட்ட அந்தச் சின்ன அறையில் உச்சிவெயில் நேரத்தில் ஆள் நிற்க முடியாது. அவர் கழுத்துவரை பொத்தான் போட்ட ஸ்வெட்டரில் நிற்பார். மின்விசிறியைப் போட்டால் சண்டைக்கு வருவார். "குளிருதுங்க. உங்களுக்குக் குளிரலையா?" விரல் நகங்கள் எப்போதும் நீலம் பாய்ந்திருக்கும். கைகளில் பச்சைக் குழந்தையின் முதுகில் இருப்பது போல மெல்லிய பூனைமுடி. நாற்காலியில் தலையணை போட்டிருந்தும் உட்கார மாட்டார், எலும்பு குத்தும். அதை ஒப்புக்கொள்வாரா? "உட்கார்ந்தா சோம்பேறி ஆயிடுவேன்" என்பார்.

மதியச் சாப்பாடு ஓர் ஆப்பிள். அதைப் பதினாறு துண்டாக நறுக்கி, துண்டுக்குப் பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டாலும் கடைசி ஆறு துண்டு காகிதத்தில் மடிந்து குப்பைக்குப் போகும். அதே வேளையில் செல்போனில் சமையல் வீடியோ ஓடிக்கொண்டிருக்கும், ஒன்றன்பின் ஒன்றாக. லாரிக்காரர்களுக்கு இலவச ஆலோசனை வேறு. "வெங்காயத்தைப் பொறுமையா வதக்கணும். பொன்னிறம் வந்தப்புறம்தான் அடுத்தது." "வாய் ஊறுது சார். வாங்க, செஞ்சு சாப்பிடலாம்" என்று யாராவது கூப்பிட்டால், உடனே வயிற்றில் கை போய்விடும். "அய்யோ, இப்பத்தான் சாப்பிட்டேன். கல்லு மாதிரி இருக்கு."

வீட்டிலும் சமையல் அவர்தான். மனைவிக்கு வீட்டு முன்னறையில் துணி ஆல்டரேஷன் வேலை. இடுப்பைப் பிடிப்பது, நீளத்தைக் குறைப்பது. வேலை முடித்து அவள் உட்கார்ந்ததும் தட்டு வரும். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்று பரிமாறிவிட்டு எதிரே நின்று, அவள் வாய்க்குப் போகும் ஒவ்வொரு கவளத்தையும் கண்ணால் பின்தொடர்வார். "என்னை ஊத வச்சே கொன்னுடப் போறீங்க" என்று முன்பெல்லாம் சிரிப்பாள். இப்போது அவளுக்கு அந்தச் சாப்பாடு தொண்டையில் இறங்குவதில்லை. சாப்பிடாவிட்டால் கிராம் சார் முகம் வாடிவிடும் என்று விழுங்குகிறாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில் எடுத்த படம்தான் ஆரம்பம். "என்ன மாப்ள, தொப்பை உனக்கு முன்னாடியே மேடை ஏறிடுச்சு!" என்றார் மைத்துனர். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். மறுநாள் நடக்க ஆரம்பித்தார். ஆறு மாதத்தில் அதே மைத்துனர், "அடேங்கப்பா, ஹீரோ மாதிரி ஆயிட்டியே!" என்று கட்டிப்பிடித்தார். நிறுத்த வேண்டிய இடம் அதுதான். நிறுத்தவில்லை. பேன்ட் இடுப்பை அவள் ஒரு அங்குலம் பிடித்தாள். பிறகு இரண்டு. பிறகு வெட்டித்தான் தைக்க வேண்டியிருந்தது.

சர்க்கரை என்றார்கள், காசநோய் என்றார்கள். ரத்தம், சளி, எக்ஸ்ரே எல்லாம் எடுத்துப் பார்த்தும் ஒன்றும் இல்லை. மூன்றாவதாகப் பார்த்த டாக்டரம்மாதான் வேறு மாதிரிக் கேட்டார். "கண்ணாடியில பார்த்தா என்ன தெரியுது உங்களுக்கு?" அவர் சட்டையைத் தூக்கி, விலா எலும்புக்குக் கீழே வெறும் தோலை இரண்டு விரலால் இழுத்துக் காட்டி, "இது போகவே மாட்டேங்குது டாக்டர்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி எட்டி அந்தச் சட்டையைக் கீழே இழுத்துவிட்டாள்.

"இது பசியில்லாத நோய் இல்லம்மா. பசி கொல்லுது. அதை அடக்கிட்டேன்கிற போதைதான் நோய்" என்று அவளைத் தனியே அழைத்துச் சொன்னார் டாக்டரம்மா. "வயசுப் பொண்ணுங்களுக்கு மட்டும்தான் வரும்னு நினைச்சு ஆம்பளைங்ககிட்ட யாரும் கேக்கறதே இல்ல. பிடிவாதம்னு திட்டாதீங்க. உடம்பு பட்டினி கிடந்தா மூளையும் பட்டினிதான். நிமிஷத்துக்கு நாற்பத்திநாலு தடவைதான் இதயம் துடிக்குது. கோபத்துல வாய்ல திணிச்சுடாதீங்க, திடீர்னு நிறைய உள்ளே போனாலும் ஆபத்து. நாற்பத்திரண்டு கிலோவுக்குக் கீழே போனா ஒரு நாள்கூட வீட்ல வச்சுக்காதீங்க. ஆஸ்பத்திரியில வச்சு, கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தணும்."

அன்றிலிருந்து அவளுக்கு நாற்பத்திரண்டுதான் உலகம். மாதம் ஒருமுறை எடை பார்க்கப் போவார்கள். நாற்பத்திரண்டரை. அடுத்த மாதம் நாற்பத்திமூன்று. அவள் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், சந்தோஷத்தில்.

போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய பேன்ட்டைத் துவைக்க எடுத்தவள், இடுப்புப் பட்டையின் உள்பக்கம் கோணல்மாணலாகப் போன கைத்தையலைப் பார்த்தாள். அவள் கைவேலை இல்லை. பிரித்தாள். ஒவ்வொன்றாக இரும்பு நட்டுகள் விழுந்தன, இருபத்திரண்டு. முக்கால் கிலோவாவது இருக்கும். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதெல்லாம் "தாகமா இருக்கு" என்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"என்னங்க இது?"

கிராம் சார் பதறவே இல்லை. "அந்த டாக்டரம்மா மிஷின் சரியில்ல. ரெண்டு கிலோ குறைச்சுக் காட்டுது. எனக்குத் தெரியாதா எடையைப் பத்தி?"

"என் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்க."

அவர் பார்க்கவில்லை. "ஒரு வாரம் டைம் குடு. நானே சாப்பிட்டு ஏத்திக்கறேன். ஆஸ்பத்திரியில போட்டா என்னைப் பன்னி மாதிரி ஊத வச்சிடுவாங்க" என்று சொல்லும்போதே குரல் உடைந்தது. ஊரையே மடக்கிப் பிடிக்கிற மனுஷன், மாட்டிக்கொண்ட திருடனைப் போல அவள் முன்னால் நின்றார். அவளுக்கு அவரை அறைய வேண்டும் போலவும் இருந்தது, மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

"நாளைக்குக் காலையில போறோம். அவ்வளவுதான்" என்றாள். அவர் தலையாட்டினார்.

மறுநாள் அவள் எழுந்தபோது படுக்கை காலி. நாலு கிலோமீட்டர் நடந்தே வேலைக்குப் போயிருந்தார். அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து படுக்கைக்குச் சொல்லி, வாடகைக் காருக்கும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டும்போது போன் வந்தது. யாரோ ஒரு லாரிக்காரர். "அக்கா, கிராம் சார் படியில விழுந்துட்டாரு. நினைவு இருக்கு. எழுந்திரிக்கத்தான் முடியல."

வாடகைக் காரில் அவள் போய் இறங்கியபோது எடைமேடைக்கு முன்னால் எட்டு லாரிகள் நின்றன. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. கிராம் சார் நிழலில் கிடந்தார். யாரோ சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டிக்கொண்டிருக்க, அவர் உதட்டை இறுக்கி மூடியிருந்தார்.

"தள்ளுங்கக்கா, நான் தூக்கறேன்" என்று ஒரு டிரைவர் குனிந்தார். அவள் வேண்டாமென்று கையைக் காட்டினாள். என்ன இருந்தாலும் ஐந்தேமுக்கால் அடி ஆள் என்று காலை அகட்டி, மூச்சை இழுத்துப் பிடித்து, முழு பலத்தோடு தூக்கினாள். போட்ட பலத்துக்கு அங்கே வேலையே இல்லை. இரண்டு அடி பின்னால் தள்ளாடிப் போய் நின்றாள். டிரைவர் வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தார்.

கிராம் சார் அவள் காதோரம் வாயை வைத்து மெல்லக் கேட்டார். "கனமா இருக்கேனா?"

லேசாக இருக்கிறீர்கள் என்றால் அந்த முகம் மலரும். கனம் என்றால் இன்றைக்குச் சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போகாது. இரண்டில் எதைச் சொன்னாலும் அவரைக் கொல்கிற பேச்சுதான். அந்தக் கண்கள் பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் அவரை இடது பக்கம் இடுப்போடு சேர்த்து ஒரு கையால் அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் காரின் பின்கதவைத் திறந்தாள்.