கழித்தல் கணக்கில் காணாமல் போன குண்டுமணி

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், கிடைத்துச் சில மாதங்களே ஆகியிருந்தன. மலாக்காவில் காஜா பேராங் பக்கம் ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளியில் முதலாம் வகுப்பு ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். புது நாடு, புது வேலை, புதுச் சேலை. என் ஆர்வத்தைக் கேட்கவா வேண்டும்! இந்த வாரம் பூராவும் கணக்கை விளையாட்டாகவே சொல்லித் தரப்போகிறேன், வெள்ளிக்கிழமை பெற்றோர்கள் வந்து பார்க்கட்டும் என்று தலைமையாசிரியரிடம் பெருமையடித்துவிட்டு வந்தேன். "செய்ங்க. ஆனா சத்தம் வராம செய்ங்க" என்றார் அவர். முதலாம் வகுப்பில் சத்தம் வராமல் என்ன செய்ய முடியும் என்று நான் கேட்கவில்லை.

வீட்டைச் சுற்றிக் கிடைக்கிற சின்னப் பொருள்களைப் பிள்ளைகள் திங்கட்கிழமை அள்ளிக்கொண்டு வந்தார்கள். கிளேபாங் கடற்கரைச் சிப்பி, சோடா மூடி, ரப்பர் கொட்டை, முக்கியமாகச் சிவப்பு சிவப்பாய்ச் சாகா விதை, மஞ்சாடி என்பார்களே அதுதான். சாகா மரம் எங்கள் ஊரில் எங்கே பார்த்தாலும் நிற்கும். அதன் விதையை வைத்து விளையாடாத பிள்ளையே கிடையாது. எல்லாவற்றையும் பிஸ்கட் டின்களில் தரம் பிரித்துப் போட்டோம். மறுநாள் பத்துப் பத்தாகச் சேர்த்து எண்ணினோம். வகுப்பு சந்தைக்கடை மாதிரி இரைந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

புதன்கிழமை கழித்தல். கணக்கைச் சரியாகச் செய்கிறவர்கள் இன்றைக்குப் பள்ளிக்கூட மணியை அடிக்கலாம் என்று ஆசை காட்டியிருந்தேன். முன்வரிசையில் ஒரு பெண் பிள்ளை, ஏழு வயது, சரியான வாயாடி. பன்னிரண்டில் ஐந்து போனால் மிச்சம் எத்தனை என்று விதைகளை வைத்துச் செய்யச் சொன்னேன். அவள் மேசையில் கச்சிதமாக ஏழு விதை. கெட்டிக்காரி என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டு நகர்ந்தேன்.

"டீச்சர், அவகிட்ட எட்டு இருந்துச்சு டீச்சர்! கணக்கு வரலன்னு ஒண்ண எடுத்து முழுங்கிட்டா!" என்றான் பக்கத்துப் பையன்.

வகுப்பே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். சாகா விதைதானே, போன வழியே போய்விடும். அப்புறம்தான் அந்த ஏழு விதைகளையும் ஒழுங்காகப் பார்த்தேன். இரண்டு மூன்றில் கறுப்புப் பொட்டு இருந்தது. சாகா விதையில் பொட்டு இருக்காது. அது வேலியில் கொடியாய்ப் படரும் குண்டுமணி. எந்தப் பிள்ளையோ பறித்து இதோடு கலந்துவிட்டிருக்கிறது. குண்டுமணியைக் கடித்துத் தின்றால் உயிரே போய்விடும் என்று என் அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார். எதை முழுங்கினாள் என்று பையனைக் கேட்டேன். பொட்டு வைத்ததைத்தான் என்றான்.

கடித்தாயா, அப்படியே முழுங்கினாயா என்று அந்தப் பிள்ளையைப் பிடித்து உலுக்கினேன். நான் அலறிய அலறலில் அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். எதிர்த்து எதிர்த்துப் பேசுகிற வாயிலிருந்து அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

பேச்சா என்கிற மூன்று சக்கர மிதிவண்டி ஒன்றை நிறுத்தி, அவளை மடியில் வைத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். மிதித்த சீனக் கிழவரைச் சீக்கிரம், சீக்கிரம் என்று பாடாய்ப் படுத்தினேன். ஆஸ்பத்திரியில் டாக்டரும் மலாயில் அதே கேள்வியைத்தான் கேட்டார், கடித்தாளா என்று. விதையின் ஓடு கெட்டி, முழுசாக இறங்கியிருந்தால் அப்படியே வெளியே வந்துவிடும், கடித்திருந்தால்தான் விஷம், இரண்டு மூன்று நாள் வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார். டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார். முன்பல் விழுந்திருந்தது, கடைவாய்ப் பல் எல்லாம் இருந்தது, கடித்திருக்கவும் கூடும்.

அவள் அம்மா துணி துவைத்த ஈரக் கையோடு ஓடி வந்தார். என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவரோ மகளை அணைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் காலையில் நான் போய் நின்றபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பசியாறிட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டார். வராந்தாவுக்கு வந்து அழுது தீர்த்தேன்.

அன்று சாயங்காலம் ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையாருக்குச் சிதறு தேங்காய் நேர்ந்துகொண்டேன். வெளியே வந்தால் அதே தெருப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அங்கேயும் ஒரு வேண்டுதலைப் போட்டுவைத்தேன். அந்த நேரத்தில் யாரைத்தான் விடுவது?

வெள்ளிக்கிழமை பெற்றோர்கள் வந்துவிட்டார்கள். விதைகளையெல்லாம் குழி தோண்டிப் புதைத்துவிட்டதால் பிள்ளைகள் சிப்பியை வைத்துக் கூட்டிக் காட்டினார்கள், கழித்துக் காட்டினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு எதுவும் மனதில் ஏறவில்லை. முன்வரிசையில் காலியாக இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் திடலுக்குக் குறுக்கே அவள் அம்மா ஓடி வந்தார். கையில் ஒரு பால் டின்.

"டீச்சர்! வந்துருச்சு டீச்சர்! முழுசா வந்துருச்சு!"

யாரோ பெரிய அதிகாரிதான் வந்துவிட்டார் என்று நினைத்துத் தலைமையாசிரியர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். அந்த அம்மா நேராக என்னிடம் வந்து டின்னை நீட்டினார். உள்ளே அந்தக் குண்டுமணி. சிவப்பு சிவப்பாகவே, பொட்டு பொட்டாகவே, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது.

"நல்லா கழுவிட்டேன், கையில எடுத்துப் பாருங்க. டாக்டர் பார்த்துட்டு வீட்டுக்குப் போகலாம்னுட்டாரு. அவ ரொட்டி வேணும்னு அங்க ஒரே ரகளை."

எடுத்துப் பார்த்தேன். அத்தனை பேர் முன்னாலும் அந்த அம்மாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். விஷயம் தெரிந்ததும் பெற்றோர்கள் சிரித்த சிரிப்பில், சத்தம் வரக்கூடாது என்ற தலைமையாசிரியரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

திங்கட்கிழமை அவள் வந்து பள்ளிக்கூட மணியை அடித்தாள், போதும் போதும் என்று நான் சொல்லும்வரை அடித்தாள். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை எத்தனையோ பிள்ளைகளுக்குக் கழித்தல் சொல்லிக் கொடுத்துவிட்டேன், ஆனால் விடை சரியாக இருக்கிறதே என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால் கணக்குப் போட்ட பிள்ளையின் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ளாமல் நான் அடுத்த மேசைக்கு நகர்ந்ததே இல்லை.