அப்பா மூழ்கடித்துப் பார்த்த படகு

வார்னிஷ் வாசனை வந்தால் இன்றும் எனக்கு அப்பாவின் ஞாபகம்தான் வரும். எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடை முழுவதும், மராத்தி பேசும் ஊரான கோர்படியில் நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸின் பின்பக்கம் அந்த வாசனைதான். அங்கே வேப்பமரத்தடியில் ஒரு பழைய பாய்மரப் படகு கிடந்தது.

ராணுவ ஸ்டோரில் குமாஸ்தாவாக இருந்த அப்பா ஆசைப்பட்டு வாங்கி, கடக்வாஸ்லா ஏரியில் விட்டிருந்த படகு. அதற்கு முந்தைய வருடம், மழைக்காலம் தொடங்கும் சமயத்தில், அவர் என் அண்ணன் சாமுவை ஏற்றிக்கொண்டு போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, திடீரென அடித்த காற்றில் அது கவிழ்ந்து, தண்ணீர் நிறைந்து, பிடித்துக்கொள்ளக்கூட ஒன்றும் மிஞ்சாமல் அடிக்குப் போய்விட்டது. அப்பா மட்டும் கரை சேர்ந்தார். சாமுவுக்குப் பதினைந்து வயது, எனக்குப் பத்து.

மறு கோடையில் ஏரி வற்றியபோது சேற்றில் தலைகாட்டிய படகை அப்பா லாரியில் ஏற்றி வந்தார். விறகுக்கு உடைக்கப்போகிறார் என்றே அக்கம்பக்கத்தில் நினைத்தார்கள். அவரோ ஆபீஸ் விட்டு வந்ததும் உளுத்த பலகைகளைப் பெயர்த்துப் புதிது அடித்தார். காலி எண்ணெய் "டப்பா"க்களைக் காற்றுப் புகாமல் பற்றவைத்து இருக்கைகளுக்கு அடியில் இறுகக் கட்டினார். விழுந்தவர்கள் பற்றிக்கொள்ள, விளிம்பைச் சுற்றி வெளிப்புறமாகக் கயிறு கட்டினார். அவரோடு பேச்சை நிறுத்தியிருந்த அம்மா ஒருநாள் சாமுவின் "காதி"யை, அவன் படுத்திருந்த மெத்தையைப் பிரித்து, அந்த இலவம்பஞ்சைப் பிளாஸ்டிக் பைகளில் அடைத்து, கான்வாஸுக்குள் வைத்து நான்கு மிதவைச் சட்டைகள் தைத்தாள். படகின்மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மழைக்கு முன் படகை ஏரிக்குக் கொண்டுபோனோம். "எவ்வளவு நேரம் மிதக்குதுன்னு பாத்துச் சொல்லும்மா" என்று தன் கைக்கடிகாரத்தை என்னிடம் தந்துவிட்டு, அப்பா மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கி, வேண்டுமென்றே படகைச் சாய்த்துத் தண்ணீர் நிறைத்தார். விளிம்புவரை அமிழ்ந்தது, அதற்குமேல் போகவில்லை. அரைமணி ஆயிற்று என்று கத்தினேன். அவர் கயிற்றைப் பிடித்தபடி, பலகையில் நெற்றியை வைத்து, வெகுநேரம் அப்படியே இருந்தார்.

அவர் அதில் ஒருநாளும் பாய் விரிக்கவில்லை. ஏரிக்கரையில் பிள்ளைகளுக்குப் படகோட்டக் கற்றுக்கொடுப்பவர்களிடம் கொடுத்துவிட்டார். இரண்டு வருடம் கழித்து, அங்கே காவல் இருந்த மராத்திக்காரர் சைக்கிள் மிதித்து வீடு தேடி வந்தார். படகு கவிழ்ந்துவிட்டதாம், அதிலிருந்த மூன்று பிள்ளைகளும் கயிற்றைப் பிடித்தே கிடந்தார்களாம். "சகளீ போரா வாச்லீ," எல்லாப் பிள்ளைகளும் பிழைத்துவிட்டார்கள், என்று அப்பாவின் கையைப் பற்றிக்கொண்டார்.

காவல்காரர் போனபின் அம்மா அடுப்படி வாசலில் நின்று கேட்டாள்: "இதை முன்னாலயே செஞ்சிருக்கக் கூடாதா?"

"செஞ்சிருக்கணும்" என்றார் அப்பா.

அன்றிரவு வெகுநாளைக்குப் பிறகு இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

இப்போது அந்தக் குவார்ட்டர்ஸ் வரிசை இல்லை. வேப்பமரமும் இல்லை. படகு என்ன ஆனதென்று சொல்ல ஆளில்லை. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்த மூன்று பிள்ளைகளுக்கு இன்று ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. சாமு என்று ஒருவன் இருந்தது அவர்களுக்கும் தெரியாது.